காவிரி டெல்டாவில் வீட்டிலிருந்தே கணினிச் சேவைத் தொழில்: புதிதாகத் தொடங்குவோருக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கணினி படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இணையதளம் அமைக்கத் தெரிந்தவர், டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தவர், நெட்வொர்க் போடத் தெரிந்தவர் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இருக்கிறார். படிப்பு முடித்த இளைஞர்கள், சென்னை வேலையை விட்டு ஊர் திரும்பியவர்கள், குழந்தை பிறந்தபின் அலுவலகம் போக முடியாமல் நின்றுவிட்ட பெண்கள் எனப் பலரும் வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் இது நெல் விளையும் பூமி. இங்கே கடைத்தெருவில் பணம் மாதச் சம்பளமாகப் புழங்குவதில்லை. அறுவடையோடு வருகிறது, விதைப்போடு போகிறது. அந்த ஓட்டத்தைக் கவனித்து விலையையும் தவணையையும் வேலை நாட்களையும் அமைத்துக்கொண்டவர்கள் நிலைத்திருக்கிறார்கள். பெருநகரத்து முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தவர்கள் ஆறு மாதத்தில் வேறு வேலை தேடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாப் படிகளும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

முதல் படி: யாருக்கு வேலை செய்யப்போகிறீர்கள்?

பெயர்ப்பலகை, லோகோ, விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். ஒரு வாரம் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் நடந்து வாருங்கள். உரக்கடை, அரிசி ஆலை, மருந்துக்கடை, ஜவுளிக்கடை, லாட்ஜ், கல்யாண மண்டபம், தனியார் பள்ளி என்று கணினி இருக்கும் இடங்களில் எல்லாம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “கம்ப்யூட்டரில் உங்களுக்கு அடிக்கடி தொல்லை தருவது எது?” பதில்கள் உங்களை வியக்க வைக்கும். “தம்பி, பில் போடுகிற பிரிண்டர் வாரம் ஒருமுறை நின்றுவிடுகிறது. விற்றவரைக் கூப்பிட்டால் திருச்சியிலிருந்து ஆள் வர வேண்டும் என்கிறார்” என்பார் ஒருவர். “பழைய ஆள் போட்ட பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை” என்பார் இன்னொருவர். செயற்கை நுண்ணறிவு வேண்டும், ஆப் வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கூப்பிட்டால் வருகிற ஆள் வேண்டும் என்பவர்களே அதிகம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதிகம் பேர் சொன்ன தொல்லைகளில் உங்களுக்குத் தீர்க்கத் தெரிந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய சில வேலைகள் உண்டு. நான் முதலில் சொல்வது கைவினைப் பட்டறைகளை. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, திருபுவனம் பட்டு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றைச் செய்பவர்களில் பலரிடம் ஒழுங்கான விலைப்பட்டியல்கூட இருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம் ஒரு படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

விளக்குக்கு ஒரு பட்டியல் தயாரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான பித்தளையைப் படம் எடுத்தால் எடுக்கிறவரின் சட்டை, ஜன்னல் கம்பி, எதிர்ச்சுவர் எல்லாம் அதில் தெரியும். வெயில் நேரடியாக விழாத தாழ்வாரத்தில், இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, விளக்கின் நடு உயரத்துக்குக் கேமராவை இறக்கி எடுத்தால் பித்தளையின் நிறம் அப்படியே வரும். ஒவ்வொரு விளக்குக்கும் முழுப் படம் ஒன்று, உச்சியில் இருக்கும் அன்னத்தின் நெருங்கிய படம் ஒன்று, அடிப்பாகத்தைக் கவிழ்த்து எடுத்த படம் ஒன்று. அதன் கீழே உயரம், எடை, எத்தனை முகம், பிரித்து மாட்டக்கூடியதா, அனுப்ப எத்தனை நாள் என்ற விவரம். எடையை உங்கள் கண் முன்னால் தராசில் வைத்து எழுதுங்கள். பித்தளை வாங்குகிறவர் முதலில் கேட்பது எடையைத்தான். இப்படி ஐம்பது பொருள்களுக்குச் செய்து, வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் ஏற்றி, எளிய இணையதளம் ஒன்றிலும் போட்டுக் கொடுத்தால் அது முழுமையான ஒரு வேலை. வருடத்துக்கு ஒருமுறை விலை மாற்றுவதற்கும் புதிய பொருள் சேர்ப்பதற்கும் உங்களையே கூப்பிடுவார்கள்.

அடுத்து லாட்ஜ்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி, ஆலங்குடியில் குருப்பெயர்ச்சி. கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகத் தலங்களுக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வருகிறார்கள்; 2016இல் நடந்த மகாமகம் மறுபடி 2028இல் வருகிறது. கூகுள் மேப்பில் தவறான தொலைபேசி எண்ணோடு கிடக்கும் லாட்ஜ்களும் உணவகங்களும் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதைச் சரிசெய்து, அறைகளின் படங்களை ஏற்றி, முன்பதிவுத் தளங்களில் சேர்த்துக் கொடுப்பது சிறிய வேலைதான். ஆனால் பலன் உடனே தெரியும் வேலை.

மூன்றாவது, பலர் எண்ணிப் பார்க்காதது: பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கும் ஆவணங்களை, எல்லாக் கணினியிலும் போனிலும் படிக்கக்கூடிய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றுவது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கும்பாபிஷேக மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்கங்களின் உறுப்பினர் பட்டியல்கள் அச்சகக் கணினிகளில் கோப்பாகவே இருக்கின்றன. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரநிலையாக அறிவித்துவிட்டது. இந்தக் கோப்புகளை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டால் பெரும்பகுதி மாறிவிடும். மீதியைத் தமிழ் தெரிந்த மனிதர்தான் வரிக்கு வரி பார்க்க வேண்டும். அந்த மீதிக்குத்தான் உங்களுக்குக் கூலி.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர்ப் பக்கம் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் ஏராளம். கேமரா வேலை செய்யவில்லை, வீடியோ அழைப்பு வரவில்லை, அத்தாவின் போனில் ஏதோ ஆகிவிட்டது என்று துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தவிப்பார்கள். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு அந்த வீடுகளைக் கவனிப்பது கௌரவமான தொழில். ஒரே ஒரு கட்டுப்பாடு: பெரியவர்களின் வங்கி ஆப்பையும் ஓடிபியையும் நீங்கள் தொடவே கூடாது. அவர்களே கையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மோசடி நடந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

சில வேலைகளை மறுக்கவும் வேண்டும். திருட்டு விண்டோஸ், திருட்டு டேலி போட்டுக் கொடுப்பது, அடுத்தவர் போனை உளவு பார்க்க ஆப் போடுவது, பொய் மதிப்புரை எழுதுவது, உரிமம் இல்லாமல் இ-சேவை மையம் போல நடந்துகொள்வது ஆகிய எதையும் ஒருமுறைகூடச் செய்யாதீர்கள். பணம் இல்லாத கடைக்காரருக்கு லிப்ரே ஆபீஸ் போட்டுக் கொடுங்கள். இலவசம், தமிழ் இடைமுகமும் உண்டு, கணக்கு அட்டவணைக்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாம் படி: வீட்டைத் தயார் செய்வது

முதலில் மின்சாரம். துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை என்ற அறிவிப்பு உள்ளூர்ச் செய்தியில் முன்கூட்டியே வந்துவிடும். அதைப் பார்த்து அந்த நாளில் வெளி வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில்லாத தடைக்கு இன்வெர்ட்டர் வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்றில் கணக்குப்படி 1,800 வாட் அவர் இருக்கும். இழப்பு போக 1,200 கிடைத்தால் நல்லது. லேப்டாப் 60 வாட், ரவுட்டர் 10, எல்இடி விளக்கு 10, மின்விசிறி 70 என்று வைத்தால் மொத்தம் 150 வாட். ஆக எட்டு மணி நேரம் ஓடும். மேசைக் கணினியும் மானிட்டரும் என்றால் இந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் பழையதானாலும் நல்ல லேப்டாப்பே வாங்குங்கள். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து எழுந்து, நீங்கள் வாடிக்கையாளர் கணினியில் செய்துகொண்டிருந்த வேலை அறுந்துபோவது இதனால் நிற்கும்.

இணையத்துக்கு இரண்டு வழி இருக்க வேண்டும். ஒன்று ஃபைபர், பிஎஸ்என்எல் ஆனாலும் தனியார் ஆனாலும் உள்ளூரில் லைனைப் பார்த்துக்கொள்கிறவர் யார், கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் வேகத்தைவிட இதுதான் முக்கியம். இரண்டாவது, வேறு நிறுவனத்தின் சிம் போட்ட போன். அது நீங்கள் உட்காரும் அறைக்குள்ளேயே சிக்னல் எடுக்கிறதா என்று பாருங்கள். தெருவில் நாலு கோடு காட்டும் போன், தடித்த சுவர் வைத்த பழைய வீட்டின் உள்ளறையில் ஒரு கோடுகூடக் காட்டாது.

இடி, மின்னலை இங்கே இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஃபைபர் கம்பியின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாகவும், மாடிக்குப் போகும் செம்பு லேன் கேபிள் வழியாகவும் மின்னல் தாக்கம் உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்; சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், உள்ளே எர்த் கம்பி இணைக்கப்பட்டிருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நாகை, வேதாரண்யம் கடலோரம் என்றால் உப்புக்காற்றில் கேபிள் முனைகள் பச்சை பூத்துப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

புயலுக்குத் தனித் திட்டம் வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, போனும் எடுக்கவில்லை. அப்படி ஒரு நாளில் எந்த இன்வெர்ட்டரும் காப்பாற்றாது. ஆகவே ஐப்பசி பிறந்ததும் வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: “இது எங்கள் பகுதியில் புயல் காலம். தொடர்பு அறுந்தால் இன்ன ஊரில் இருக்கும் இன்னாரைக் கூப்பிடுங்கள்.” திருச்சியிலோ மதுரையிலோ உங்களைப் போலவே தொழில் செய்யும் ஒருவரோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள், அவர் ஊரில் சிக்கல் வந்தால் நீங்கள், உங்கள் ஊரில் வந்தால் அவர்.

வீட்டாரிடமும் பேசிவிடுங்கள். வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பவர் என்று எண்ணி, ரேஷன் கடைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவேலையில் எழுப்புவார்கள். பெண்களுக்கு இது இரட்டிப்பாக இருக்கும். காலை பத்து முதல் ஒன்று வரை கதவு மூடியிருக்கும் என்று முதல் நாளே சொல்லி, அதை விடாமல் கடைப்பிடியுங்கள். தொழிலுக்கென்று தனிப் போன் எண்ணும் வேண்டும்.

மூன்றாம் படி: பெயர், பதிவு, வங்கி

இதற்குத்தான் பலரும் மாதக்கணக்கில் தயங்குகிறார்கள். உண்மையில் இது இரண்டு நாள் வேலை. தனிநபர் உரிமையாளராகத் தொடங்க நிறுவனப் பதிவு தேவையில்லை. ஆதாரும் பான் எண்ணும் வைத்து குறு, சிறு தொழில்களைப் பதியும் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவு முற்றிலும் இலவசம், புதுப்பிக்கவும் தேவையில்லை. தேடும்போது அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் மேலே வந்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி அரசின் ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழோடு வங்கிக்குப் போய் நடப்புக் கணக்கு தொடங்குங்கள். வீட்டுப் பணமும் தொழில் பணமும் முதல் நாளிலிருந்தே தனித்தனியாக இருக்கட்டும். உள்ளாட்சிக்கு அரையாண்டுத் தொழில் வரி பற்றி ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் வேண்டுமா? முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்தோடு கூடிய கடன்களும் உண்டு. என் யோசனை, மூன்று வாடிக்கையாளர்கள் பணம் கொடுத்த பிறகு விண்ணப்பியுங்கள் என்பதே. லேப்டாப்பும் இணையமும் இருந்தால் இந்தத் தொழிலைத் தொடங்கிவிடலாம். தவணை கட்ட வேண்டிய பதற்றம் தவறான வேலைகளை ஏற்க வைக்கும்.

நான்காம் படி: விலையும் பருவமும்

விலையை அடுத்தவரைப் பார்த்து வைக்காதீர்கள், உங்கள் கணக்கைப் பார்த்து வையுங்கள். ஓர் உதாரணம். வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 வேண்டும். இணையம், மின்சாரம், போன், பெட்ரோல், அடுத்த லேப்டாப்புக்கான சேமிப்பு எல்லாம் சேர்த்து 6,000. மொத்தம் 31,000. மாதம் 25 நாள் உழைத்தாலும் நாளைக்கு நாலு மணி நேரத்துக்குத்தான் கூலி கிடைக்கும். மீதி நேரம் பேசுவதிலும் அலைவதிலும் படிப்பதிலும் போகும். ஆக 100 மணி நேரம். மணிக்கு 310 ரூபாய். வேலை இல்லாத மாதங்களுக்கும் வரிக்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 400 ரூபாய்க்கு மேல் வருகிறது. இதுதான் உங்கள் அடிமட்ட விலை. இதற்குக் கீழே போவது கையிலிருந்து பணம் கொடுத்து வேலை செய்வதாகும்.

ஆனால் கடைக்காரரிடம் “மணிக்கு நானூறு” என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்தக் கணக்கு உங்களுக்கு. அவருக்கு ஆண்டுத் தொகை சொல்லுங்கள். உரக்கடை ஒன்றை எடுத்துக்கொண்டால் மாதம் இரண்டு மணி நேரப் பராமரிப்பு, ஆண்டில் இரண்டு அவசர அழைப்புகள் என்று 30 மணி நேரம் வரும். 12,000 ரூபாய். இதை எப்போது வாங்குவது என்பதில்தான் டெல்டாவின் சூட்சுமம் இருக்கிறது.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கிறது. குறுவை நடவு, பிறகு சம்பா, தாளடி என்று விதையும் உரமும் கடனாகப் போய்க்கொண்டே இருக்கும் மாதங்களில் உரக்கடைக்காரரின் பணம் முழுவதும் வயலில் கிடக்கும். அப்போது பில் நீட்டினால் அவர் தருவது வாக்குறுதிதான். குறுவை அறுவடை முடியும் ஐப்பசியில் கொஞ்சம், சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பணமாகும் தை, மாசியில் மீதி என்று இரண்டு தவணையாக வையுங்கள். அணைத் திறப்பையும் கவனியுங்கள்: 2024இல் ஜூலை கடைசியில்தான் தண்ணீர் விட்டார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் ஐப்பசித் தவணையை நீங்களே முன்வந்து தைக்குத் தள்ளி வைத்தால், அந்தக் கடைக்காரர் உங்களை விட்டு வேறு ஆளிடம் போகமாட்டார்.

மற்றவர்களுக்கு வேறு காலம். ஜவுளிக்கடைக்குத் தீபாவளி முடிந்த வாரம். தனியார் பள்ளிக்கு ஜூன். கல்யாண மண்டபத்துக்கும் சமையல் ஒப்பந்தக்காரருக்கும் ஆடி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை. உட்கார்ந்து பேச, படங்கள் எடுக்க, இணையதளம் புதுப்பிக்க அதுவே நேரம். பணத்தை ஆவணியிலும் தையிலும் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றை ஒரே காலண்டரில் குறித்துவிட்டால் உங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய எல்லா மாதமும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து பணம் வரும். உரக்கடைகள் மட்டும் பத்து இருந்தால் புரட்டாசியில் கை வறண்டுவிடும். வாடிக்கையாளர்களை வெவ்வேறு தொழில்களிலிருந்து சேர்ப்பதற்கு இதுதான் காரணம்.

ஐந்தாம் படி: ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

தெரிந்தவர், உறவினர், அப்பாவின் நண்பர் என்று யாராக இருந்தாலும் எழுதாமல் தொடங்காதீர்கள். நீளமான சட்ட மொழி வேண்டாம். இவ்வளவு போதும்:

“உங்கள் கடையின் இரண்டு கணினிகள், ஒரு பில் பிரிண்டர், டேலி பேக்கப் ஆகியவற்றை ஓராண்டு பராமரிக்கிறேன். மாதம் ஒருமுறை நேரில் வருவேன். பில் போட முடியாமல் நின்றால் வேலை நாட்களில் நாலு மணி நேரத்துக்குள் பார்ப்பேன். புதிய உதிரிபாகங்களின் விலை தனி. வாங்குவதற்கு முன் கேட்பேன். சிசிடிவியும் உரம் விற்கும் பிஓஎஸ் கருவியும் இதில் சேராது. தொகை 12,000 ரூபாய். ஐப்பசியில் 4,000, மாசியில் 8,000. ஒப்பந்தம் முடிந்தால் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் எழுத்தில் ஒப்படைத்துவிடுவேன்.”

எது சேராது என்ற வரிதான் எல்லாவற்றிலும் மதிப்புள்ளது. அது இல்லாவிட்டால் முதலாளி வீட்டு டிவி முதல் பேரனின் டேப்லெட் வரை எல்லாம் உங்கள் தலையில் வரும்.

கடைசி வரியைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இணையதளத்தின் முகவரியான டொமைன் பெயர், தளத்தை வைத்திருக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங், கூகுள் மேப் பதிவு, வாட்ஸ்அப் பிசினஸ் ஆகிய அனைத்தும் வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய போன் எண்ணில் இருக்க வேண்டும். வேலை செய்பவர் தன் பெயரில் டொமைன் வாங்கிவைத்து, பிணக்கு வந்ததும் தர மறுப்பது இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய அநியாயம். கடையின் பெயர் அந்தக் குடும்பத்தின் சொத்து. மின்னஞ்சல் இல்லாதவருக்கு அவர் எதிரிலேயே ஒன்றைத் தொடங்கி, பாஸ்வேர்டை அவர் கையாலேயே எழுதச் சொல்லி, அவர் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். டொமைன் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். இப்படிச் செய்தால் வாடிக்கையாளர் எளிதாக விட்டுப் போய்விடுவாரே என்று பயப்பட வேண்டாம். போகக்கூடியவர் போகாமல் இருக்கிறார் என்றால் உங்கள் வேலை நன்றாக இருக்கிறது.

வாடிக்கையாளரின் வாடிக்கையாளர்கள் பட்டியல், தொலைபேசி எண்கள் உங்கள் கண்ணில் படும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு கடையில் பார்த்ததை இன்னொரு கடையில் பேசாதீர்கள். கடைத்தெருவில் இது ஒரே நாளில் பரவும்.

ஆறாம் படி: பேக்கப்பை மீட்டுக் காட்டுங்கள்

ஒரு சேவையை மட்டும் சிறப்பாகச் செய்யக் கற்றுக்கொள்வது என்றால் நான் இதையே சொல்வேன். கடைகளில் பேக்கப் என்ற பெயரில் கணினியின் பின்னால் நிரந்தரமாகச் சொருகிய பென்டிரைவ் ஒன்று இருக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் அந்தப் பென்டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். மின்னல் அடித்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறிடத்தில் என்பது எங்கும் பின்பற்றும் விதி. கடையில் இதை இப்படிச் செய்யலாம்: கணினியில் இருப்பது ஒன்று, மாலையில் சொருகி, நகலெடுத்து, கழற்றி முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகும் வெளி டிஸ்க் இரண்டு, இரவில் தானாக இணையச் சேமிப்புக்குப் போவது மூன்று. வெள்ளம் புகும் தெருவாக இருந்தால் அந்த டிஸ்க் பரண் மேல் இருக்கட்டும்.

மாதாந்திர வருகையில் அந்த டிஸ்க்கை உங்கள் லேப்டாப்பில் சொருகுங்கள். டேலியில் அந்த நகலைத் திறங்கள். கடைசி பில்லின் எண் என்ன, தொகை என்ன, யார் பெயர் என்று பாருங்கள். முதலாளியின் கையில் பில் புத்தகம் இருக்கும். அவரை அதைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டும் பொருந்தினால் தேதி போட்டு அவரது நோட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பொருந்தாவிட்டால் அன்றைக்கே காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் வேறு கோப்புறை நகலாகிக்கொண்டிருக்கும், அல்லது டிஸ்க் நிறைந்துபோயிருக்கும். இந்தப் பத்து நிமிடம்தான் உங்கள் ஆண்டுத் தொகையின் நியாயம். தன் கணக்கு உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்க்கும் முதலாளி அடுத்த கடைக்காரரிடம் உங்கள் எண்ணைத் தானே கொடுப்பார்.

ஏழாம் படி: வசூலும் வரியும்

ஒவ்வொரு வேலைக்கும் எண் போட்ட பில் கொடுங்கள், யுபிஐ மூலம் நடப்புக் கணக்கில் வாங்குங்கள். சிறு கடைக்காரர் தாமதித்தால் நேரில் போய்ப் பேசினால் போதும். ஆலை, கல்லூரி, நிறுவனம் போன்ற பெரிய இடங்கள் இழுத்தடித்தால் உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பல கணக்கு அலுவலகங்கள் விழித்துக்கொள்ளும். வேலைக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநில வாடிக்கையாளருக்குச் செய்தாலும் இந்த வரம்பு பொருந்தும். பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டு வசூலிப்பது குற்றம். வருமான வரியில், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு வரவில் பாதியை இலாபமாகக் காட்டி, விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமல் வரி கட்டும் உத்தேச முறை உண்டு. ஆண்டு வரவு 50 லட்சம் வரை, ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. உதிரிபாக விற்பனையும் பழுதுபார்ப்பும் வேறு வகையில் வரக்கூடும் என்பதால் முதல் ஆண்டு மட்டுமாவது ஆடிட்டர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நிறுவனங்கள் வரி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால், அந்தத் தொகை உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். அது உங்கள் பணம், திரும்பப் பெறலாம்.

வெளிநாட்டு வேலை வந்தால்

உள்ளூரில் ஏழெட்டு வாடிக்கையாளர் நிலைத்த பிறகு இணைய வழியில் வெளிநாட்டு வேலைகளைத் தேடுங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம் பகுதிக் குடும்பங்களின் சிறு தொழில்களே நல்ல தொடக்கம். தமிழில் பேசலாம், நேரமும் இரண்டரை மணிதான் வித்தியாசம். பணத்தை வங்கி மூலமோ அங்கீகரிக்கப்பட்ட பணப்பரிமாற்றச் சேவை மூலமோ மட்டும் வாங்குங்கள். “ஊரில் எங்கள் ஆள் கையில் கொடுப்பார்” என்றால் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது சட்டவிரோதம். வந்த பணத்துக்கு வங்கியிடம் வரவுச் சான்று கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இந்த வரவும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும். பாதி முன்பணம் வராமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஆள் சேர்ப்பது எப்போது?

தொடர்ந்து மூன்று மாதம் அவசர அழைப்புக்கு நேரத்தில் போக முடியாமல் தவித்தீர்கள் என்றால் அப்போது. முதலில் பகுதி நேரமாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பாலிடெக்னிக் அல்லது ஐடிஐ முடித்துவிட்டு உள்ளூரிலேயே இருக்கும் பிள்ளைகள் கிடைப்பார்கள். ஒரு மாதம் உங்களோடு கூடவே அழைத்துச் சென்று, ஒவ்வொரு கடையிலும் “இனி இவரும் வருவார்” என்று நீங்களே அறிமுகப்படுத்துங்கள். மாதாந்திர பேக்கப் சோதனையை முதலில் ஒப்படையுங்கள், பணம் வாங்குவதைக் கடைசியாக. வாடிக்கையாளர் கணினிகளுக்குள் போக அவருக்கென்று தனிப் பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். உங்கள் பாஸ்வேர்டைப் பகிராதீர்கள். அவர் விலகிப் போகும் நாளில் அந்தக் கணக்குகளை மாலைக்குள் மூடிவிட்டு, எந்தெந்தக் கடைக்கு எதை மூடினீர்கள் என்று எழுதி வையுங்கள்.